கேசட் ஒருமுறைதான் ஓடும்: பழைய பென்டியத்துக்கு எந்த வீடியோ கார்டு?

கீழக்கரையில் காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) நடத்திவந்த வீடியோ கடையை மூடிப் பல வருடமாகிறது. மிச்சமிருப்பது ஒரு மர அலமாரி நிறைய வி.எச்.எஸ். கேசட், இரண்டு டெக், அப்புறம் ஒரு பென்டியம் 2 கம்ப்யூட்டர். கேசட்டில் பாதி நிக்காஹ். சபுராளிகள், அதாவது கடல் கடந்து சம்பாதிக்கப் போனவர்கள், வீட்டுக் கல்யாணத்தை எடுத்து, துபாய்க்கும் கொழும்புக்கும் ஆள் வழியாகக் கொடுத்தனுப்பியது போக இங்கேயே தங்கிவிட்ட மாஸ்டர் கேசட்டுகள். மீதியில் ஏர்வாடி சந்தனக்கூடு, தொண்டிப் பக்கம் நடந்த பாய்மரப் படகுப் போட்டி, பாம்பன் பாலத்தின் மேல் மீட்டர் கேஜ் ரயில் ஊர்ந்து போகும் ஒரு 40 நிமிடம். அந்தப் பாதை 2007-இல் அகலப்பாதை ஆனது. 1914-இல் திறந்த அந்தப் பாலத்திலும் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. பக்கத்தில் கட்டிய புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தாயிற்று. அந்த 40 நிமிடத்தை இனி யாரும் போய் எடுத்துவர முடியாது.

இவற்றை டிஜிட்டல் பைலாக்கி, அந்தப் பென்டியத்திலேயே ஏற்றுவது என்று முடிவு செய்தோம். பாதி காரணம் ஆசை, மறைக்க ஒன்றுமில்லை. மீதி காரணம் நியாயமானது: கேசட் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் பிடித்து வாங்கும் நல்ல அனலாக் கார்டுகள் எல்லாம், அந்தக் காலத்து மதர்போர்டில் இருந்த பிசிஐ ஸ்லாட்டுக்குச் செய்தவை, அவற்றின் டிரைவர்கள் விண்டோஸ் 98, 2000 காலத்தவை. இன்றைய லேப்டாப்பில் அந்த ஸ்லாட்டும் இல்லை, அந்த டிரைவரும் ஏறாது.

எந்தக் கார்டு என்பதில்தான் எனக்கும் காக்காவுக்கும் ஒரு மாதம் வழக்கு ஓடியது.

முதலில் கேசட்டின் நிலைமை. எங்கள் கடற்கரையில் இரும்பு ஜன்னல் கம்பியே சில வருடத்தில் பொரிந்து உதிர்கிறது. காந்தப் பூச்சு பூசிய பிளாஸ்டிக் நாடா என்ன பாடுபடும்! கேசட்டின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் சில டேப் சுற்றின் மேல் வெள்ளைப் பூசணம் தெரியும். அதை அப்படியே டெக்கில் போட்டால் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். துடைத்து, முன்னும் பின்னும் ஒருமுறை முழுக்கச் சுற்றி இறுக்கம் தளர்த்தி, அப்புறம் ஓட்டினால் ஒரு நல்ல ஓட்டம் கிடைக்கும். இரண்டாவது ஓட்டம் அதிர்ஷ்டம். ஆகவே நான் பார்த்தது ஒன்றைத்தான்: அந்த ஒரே ஓட்டத்தில், ஒரு பிரேம் விடாமல், ஒலி வழுவாமல் கொண்டுவந்து சேர்ப்பது எது? படத்தின் தெளிவு அதற்கு அடுத்ததுதான். வி.எச்.எஸ்.ஸில் குறுக்குவாக்கில் இருப்பதே சுமார் 240 கோடு அளவு விவரம். இல்லாத தெளிவை எந்தக் கார்டும் உண்டாக்கித் தராது.

சரி, கணக்குக்கு வருவோம். நம்முடைய பால் (PAL) தொலைக்காட்சி முறையில் ஒரு முழுப்படம் 720×576 புள்ளி, நொடிக்கு 25 படம். புள்ளிக்கு 2 பைட் என்று வைத்தால் நொடிக்கு 20.7 எம்பி. பிசிஐ பாதையின் ஏட்டுக் கொள்ளளவு 133 எம்பி என்பதால் அங்கே நெருக்கடி இல்லை. சிக்கல் ஹார்ட் டிஸ்க்கில். அந்தக் காலத்து ஐடிஇ டிஸ்க் நொடிக்கு 10 எம்பி விடாமல் எழுதினாலே பெரிய விஷயம். அப்படியென்றால் சுருக்கியாக வேண்டும். கார்டு சுருக்குமா, பிராசசர் சுருக்குமா, வெளியே இருக்கும் வேறு கருவி சுருக்குமா என்பதில்தான் எல்லா வித்தியாசமும் அடங்கியிருக்கிறது.

பிசிஐக்கு முந்தைய ஸ்லாட்டான ஐஎஸ்ஏவுக்கு வந்த கார்டுகளை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். 1992-இல் கிரியேட்டிவ் வெளியிட்ட வீடியோ பிளாஸ்டர் வகையறா, திரையில் ஒரு ஜன்னலுக்குள் டெக்கின் படத்தை ஓடவிட்டுக் காட்டும். வேண்டிய இடத்தில் நிறுத்தி ஒரு ஸ்டில் எடுக்கலாம். ஓடும் படத்தை முழு அளவில் டிஸ்க்கில் இறக்க 8.33 மெகாஹெர்ட்ஸில், 16 பிட்டில் ஓடும் அந்தப் பாதை போதவே போதாது. இன்டெல்லின் ஸ்மார்ட் வீடியோ ரெக்கார்டர் கார்டிலேயே சுருக்கித் தந்தது, கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் வந்தது தீப்பெட்டிப் படம். 486 வைத்திருப்பவர்கள் வேடிக்கைக்கு வாங்கலாம். இதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. 1980-களில் அமிகா கம்ப்யூட்டருக்கு வந்த டிஜி-வியூ கருவியில் ஒரு கலர் ஸ்டில் எடுக்க, கறுப்பு வெள்ளை கேமராவுக்கு முன்னால் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடியை ஒவ்வொன்றாகத் திருப்பி மூன்று முறை பிடிக்க வேண்டும். அதுவரை எதிரில் இருப்பவர் கல்லாய் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் ஊர் மாப்பிள்ளைகள் யாரும் தேறமாட்டார்கள்.

கார்டுக்குப் பதிலாக யுஎஸ்பியில் செருகிப் படம் பிடிக்கும் குச்சிக்கும் இதே அளவு இடம் போதும். பென்டியம் 2-இல் இருப்பது யுஎஸ்பி 1.1, உச்ச வேகமே 12 மெகாபிட், அதாவது நொடிக்கு 1.5 எம்பி. அதற்குள் நுழையும்படி படத்தைக் கசக்கித்தான் அனுப்ப முடியும். 'அப்படியானால் லேப்டாப்பில் செருக வேண்டியதுதானே' என்பீர்கள். செய்து பார்த்தேன். மலிவாக ஒன்று வாங்கி, மச்சானின் நிக்காஹ் கேசட்டை லேப்டாப்பில் ஏற்றினேன். டேப்பில் கசங்கல் வந்த இடத்தில் படம் உறைந்து நின்றது, ஒலி தன்பாட்டுக்கு ஓடியது, அதற்குப் பிறகு இரண்டும் சேரவேயில்லை. மாப்பிள்ளை 'கபில்து' (ஏற்றுக்கொண்டேன்) சொல்லி முடித்துச் சிரித்த பிறகுதான் குரல் வருகிறது. எல்லாக் குச்சியும் இப்படி என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரே மாதிரி உறைக்குள் வேறு வேறு சிப் வைத்து விற்கிறார்கள். எது நம் கைக்கு வரும் என்பது சீட்டுக் குலுக்கல். ஒருமுறை ஓடும் கேசட்டை வைத்துச் சீட்டுக் குலுக்க எனக்கு மனமில்லை.

அடுத்து டிவி ட்யூனர் கார்டு. பழைய சிபியூக்களில் அதிகம் கிடைப்பது இதுதான், பிடி848 அல்லது பிடி878 சிப் போட்டது. ஹாப்பாக் தொடங்கிப் பேர் தெரியாத கம்பெனிகள் வரை எல்லோரும் இதே சிப்பை வைத்துத்தான் விற்றார்கள். ட்யூனரை மறந்துவிடுங்கள். எங்கள் மொட்டை மாடி ஆன்டெனாக்கள் இலங்கை ரூபவாஹினி டிவிக்காகக் கடலைப் பார்த்து நின்ற காலமும் போயிற்று, ராமேஸ்வரம் கோபுரத்திலிருந்து அனலாக் ஒளிபரப்பு வந்த காலமும் போயிற்று. நமக்கு வேண்டியது அதன் மஞ்சள் நிற வீடியோ உள்வாய் மட்டும்.

இந்தக் கார்டின் குணம் என்னவென்றால், அது எதையும் சுருக்காது. படத்தை எண்ணாக்கிப் பிசிஐ வழியே அப்படியே தள்ளிவிடும். மீதி உங்கள் பாடு. 352×288 அளவில் பிடித்தால் சுருக்காமலே நொடிக்கு 5 எம்பிதான், பென்டியம் 2 தாங்கும். ஆனால் அந்த அளவில், ஒரு படத்தின் ஒற்றைப்படைக் கோடும் இரட்டைப்படைக் கோடுமாக மாறி மாறி வரும் இரண்டு பீல்டில் ஒன்றை மட்டுமே எடுப்பதால், ரயிலோ படகோ நகரும்போது சீரான ஓட்டம் போய்விடும். 352×576 என்று உயரத்தை முழுதாக வைத்துக்கொண்டால் இரண்டு பீல்டும் கிடைக்கும், வி.எச்.எஸ்.ஸுக்கு அந்த அகலமே போதும். ஆனால் நொடிக்கு 10 எம்பி ஆகிவிடுகிறது. டிஸ்க் திணறும். ஹஃபியூவ் போன்ற, எதையும் இழக்காமல் சுருக்கும் கோடெக் மென்பொருளைப் போட்டுப் பிராசசரைச் சுருக்கச் சொன்னால் ஏறக்குறைய பாதியாகும், ஆனால் பிராசசர் திணறும். பென்டியம் 3 அல்லது 4 வைத்திருப்பவர்களுக்கு இந்த வாதமே வேண்டாம். ஒரு பிடி878, விர்ச்சுவல்டப் என்ற சாப்ட்வேர், பெரிய டிஸ்க், முடிந்தது வேலை. விழுந்த, அதாவது பிடிக்கத் தவறிய, பிரேம்களை விர்ச்சுவல்டப் எண்ணிக் காட்டும் என்பது தனிச் சௌகரியம். எங்கள் மிஷினில் பாம்பன் கேசட்டுக்குப் பதிலாக ஒரு சினிமா கேசட்டைப் போட்டு ஒத்திகை பார்த்தேன். அரைமணி நேரத்தில் 70-க்கு மேல் பிரேம் விழுந்தது. அதுவும் விண்டோஸ் 98-இன் டிவைஸ் மேனேஜருக்குள் போய், ஹார்ட் டிஸ்க்குக்கான டிஎம்ஏ (பிராசசரைத் தொந்தரவு செய்யாமல் எழுதும் வசதி) கட்டத்தில் டிக் போட்ட பிறகு. டிக் போடாமல் பார்த்த கணக்கைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இந்தக் கார்டில் ஒலிக்குத் தனி வழி. டெக்கின் ஆடியோ வயரை சவுண்ட் கார்டின் லைன்-இன்னில் செருக வேண்டும். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். படத்தின் தாளம் டெக்கிலிருந்து வருகிறது. ஒலியின் தாளத்தை சவுண்ட் கார்டின் கிரிஸ்டல் போடுகிறது. இரண்டு கடிகாரம். ஆயிரத்தில் அரைப் பங்கு வித்தியாசம் இருந்தால்கூட ஒரு மணி நேரத்தில் 1.8 நொடி விலகிவிடும். பாட்டும் கூட்டமுமான இடத்தில் யாருக்கும் தெரியாது. பேச்சு வந்தால் உடனே தெரியும்.

காக்காவின் கட்சி மோஷன் ஜேபெக் கார்டு. அவர் கடையில் ஓடியதும் அதுதான், இன்னும் அந்த மிஷினுக்குள்ளேயே இருக்கிறது. மிரோ என்ற ஜெர்மன் கம்பெனி டிசி20, டிசி30 என்று வரிசையாகப் போட்டது. 1997-இல் அதன் வீடியோ பிரிவைப் பினாக்கிள் வாங்கிய பிறகு டிசி10 பிளஸ் வந்து ஊர் ஊராகப் பரவியது. கார்டிலேயே ஒரு சிப் ஒவ்வொரு படத்தையும் தனித்தனி ஜேபெக்காகச் சுருக்கிவிடும். பிராசசருக்கு வேலையே இல்லை. வந்ததை டிஸ்க்கில் எழுதுவதோடு சரி. நொடிக்கு 3 எம்பி என்று வைத்தால் ஏழில் ஒரு பங்காகச் சுருங்கும், மணிக்கு 10.8 ஜிபி. ஒவ்வொரு பிரேமும் தனியாக நிற்பதால் எந்த இடத்திலும் வெட்டி ஒட்டலாம். 1990-களின் கடைசியில் கல்யாண வீடியோ எடிட்டிங் பலருக்குக் கைக்கெட்டியதற்கு இந்த வகைக் கார்டுகள் ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

நான் எந்தக் கார்டையும் கடலை வைத்துத்தான் சோதிப்பேன். மணமேடையைக் காட்டினால் எல்லாக் கார்டும் நல்ல பிள்ளைதான். பாய்மரப் போட்டிக் கேசட்டில் வத்தைப் படகுகள் காற்றை வாங்கித் திரும்பும் இடம் ஒன்று இருக்கிறது. பாதித் திரைக்குச் சிலுசிலுவென்று அலை, ஒவ்வொரு அலைநுனியிலும் வெயில். சுருக்கும் எந்த முறைக்கும் இதைவிடப் பெரிய சோதனை கிடையாது. பக்கத்துப் புள்ளிகள் ஒன்றுபோல இருந்தால்தானே சுருக்க முடியும்? வி.சி.டி. அளவுக்கு எம்பெக்-1 முறையில் சுருக்கும் கார்டில் இதே காட்சி ஓடு பதித்த தரையாகிவிடுகிறது. நொடிக்கு 1,150 கிலோபிட்டில் கடலை அடைக்கப் பார்த்தால் வேறென்ன ஆகும். மோஷன் ஜேபெக்கில் 3 எம்பியில் அலை அலையாகவே இருந்தது, 1.5 எம்பிக்கு இறக்கினால் பாய்மரத்தின் ஓரத்தில் கொசு மொய்த்தாற்போல் ஒரு நடுக்கம்.

வி.சி.டி. பேச்சு வந்ததால் ஒரு வயிற்றெரிச்சல். எத்தனையோ வீடுகளில் கேசட்டைக் கொடுத்து வி.சி.டி. ஆக்கி வாங்கிக்கொண்டு, 'இடத்தை அடைக்கிறது' என்று கேசட்டைக் குப்பையில் போட்டார்கள். எங்கள் உம்மா வீட்டிலும் நடந்தது. இப்போது அந்தத் தட்டின் வெள்ளிப் பூச்சு உரிந்து நிற்கிறது. எம்பெக் கார்டை நான் பட்டியலிலிருந்தே எடுத்ததற்கு இதுதான் காரணம்.

மறுபடி காக்காவின் கார்டுக்கு வருவோம். அதன் ஒரே பெரிய குறை ஒலி. டிசி30-இல் ஒலிக்கான வாயும் கார்டிலேயே உண்டு. படமும் ஒலியும் ஒரே வீட்டில் சமைத்து வரும். டிசி10 பிளஸில் ஒலி வாயே கிடையாது, மறுபடி சவுண்ட் கார்டு, மறுபடி இரண்டு கடிகாரம். ஆகவே பழைய கார்டு தேடி ரிச்சி தெருவில் அலைபவர்களுக்கு என் யோசனை: டிசி30 கண்ணில் பட்டால், கூட வரும் டிரைவர் சிடியும் இருந்தால், பேரம் நீட்டாமல் வாங்கிவிடுங்கள்.

"டிசி10-இல எத்தனை நிக்காஹ் எடிட் பண்ணியிருக்கேன், எவனாவது வந்து ஒலி தள்ளிப்போச்சுன்னு சொன்னானா?" என்றார் காக்கா.

"நீங்க அஞ்சு அஞ்சு நிமிஷமாத்தானே ஏத்தினீங்க காக்கா. அஞ்சு நிமிஷத்துல எவ்வளவு விலகும்? முழுக் கேசட்டையும் ஒரே ஓட்டத்துல ஏத்திப் பாருங்க."

அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. டீ சொல்லி அனுப்பினார்.

உண்மையில் அவர் வழி தப்பில்லை. துண்டு துண்டாக எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் ஒலியைச் சரிசெய்தால் டிசி10 பிளஸே போதும். ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் டெக்கை நிறுத்தி, பின்னால் சுற்றி, மறுபடி ஓட்ட வேண்டும். பூசணம் பிடித்த டேப்புக்கு அந்த நிறுத்தி ஓட்டுதல்தான் எமன்.

என் கட்சி டிவி (DV) வழி. இங்கே டிவி என்பது தொலைக்காட்சி இல்லை, டிஜிட்டல் வீடியோ வடிவம். காக்காவின் அதே அலமாரியில் ஒரு சோனி டிஜிட்டல்8 கேமரா கிடந்தது. 1999-இல் வந்த வகை. அதற்குள் ஓர் அனலாக் உள்வாய் இருக்கிறது. டெக்கை அதில் செருகினால் கேமராவே படத்தையும் ஒலியையும் சேர்த்து டிவி வடிவத்துக்கு மாற்றி, ஃபயர்வயர் என்ற கேபிள் வழியே அனுப்பிவிடும். உள்ளே கேசட் போடத் தேவையில்லை. மெனுவில் 'ஏ/வி → டிவி அவுட்' என்பதை ஆன் செய்ய வேண்டும், அவ்வளவுதான். இதைத் தெரியாமல் கேமரா கெட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். கம்ப்யூட்டரில் ஒரு சாதாரண (ஓஎச்சிஐ வகை) ஃபயர்வயர் கார்டு, விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு அல்லது விண்டோஸ் 2000.

இதில் பென்டியத்துக்கு வேலை என்ன? ஒன்றுமில்லை. நொடிக்கு 3.6 எம்பி வந்துகொண்டே இருக்கும், அதைக் கீழே வைக்க வேண்டும். படமும் ஒலியும் ஒரே ஓடையில் பிணைந்து வருவதால் சவுண்ட் கார்டின் கடிகாரம் இந்தக் கதைக்குள்ளேயே வருவதில்லை. அலைச் சோதனையில் 3 எம்பி மோஷன் ஜேபெக்குக்குச் சமமாகவே நின்றது. நிறத்தில் டிவி கொஞ்சம் கஞ்சம். மணப்பெண்ணின் சிவப்புப் பட்டு ஓரத்தில் லேசாகக் கசியும். ஆனால் வி.எச்.எஸ்.ஸே அந்தச் சிவப்பை ஏற்கெனவே கரைத்து வைத்திருப்பதால் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் சொல்லத் தெரியவில்லை.

குறைகளும் உண்டு. எல்லா டிஜிட்டல்8 கேமராவிலும் அனலாக் உள்வாய் கிடையாது, குறிப்பாக ஐரோப்பாவுக்குப் போன மாடல்கள் பலவற்றில் உள்வாங்கும் வசதியை அடைத்துவிட்டார்கள். கேட்காமல் வாங்கக் கூடாது. கேமராவில் 4 முனை, கார்டில் 6 முனை. அதற்கேற்ற கேபிள் வேண்டும். 6 முனையில் மின்சாரமும் வருவதால் தலைகீழாக அழுத்திச் செருகிப் போர்ட்டைப் புகைத்தவர்கள் இருக்கிறார்கள். விண்டோஸ் 98 டிஸ்க்கில் பைலை அடுக்கும் ஃபேட்32 முறையில் ஒரு பைல் 4 ஜிபியைத் தாண்டாது, டிவிக்கு அது 19 நிமிடம் போல. பைலைத் தானே துண்டாக்கிக்கொள்ளும் சாப்ட்வேர் இல்லையென்றால் விண்டோஸ் 2000 போட்டு டிஸ்க்கை அந்த வரம்பில்லாத என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றிவிடுவது உத்தமம். நாங்கள் அதைத்தான் செய்தோம். டிஸ்க் விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை: அந்தக் காலத்து பயாஸ் (மதர்போர்டைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) சில, சுமார் 32 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கைக் கண்டால் அப்படியே உறைந்துவிடும். மணிக்கு 13 ஜிபி என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வேறு மிஷினுக்கு மாற்றிக் காலிசெய்ய வேண்டும். கேமரா இல்லாதவர்கள் கனோபஸ் ஏடிவிசி-100 மாதிரித் தனிப் பெட்டி தேடலாம். வேலை அதேதான், விலைதான் வேறு.

கடைசியில் இப்படி முடிந்தது. நிக்காஹ் கேசட்டுகளும் பாம்பன் கேசட்டும் டிவி வழியில். காக்காவின் டிசி10 பிளஸைக் கழற்றவில்லை. ஏனென்றால் அவர் பழைய எடிட்டிங் பைல்கள் அந்தக் கார்டின் கோடெக்கில்தான் திறக்கும், அப்புறம் கழற்றினால் என்னோடு பேசமாட்டார். கழற்றாவிட்டாலும் அதன் தங்க விளிம்பில் பச்சை ஏறியிருந்ததை எழுதும் ரப்பரால் தேய்த்து, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துச் செருகினேன். ஃபயர்வயர் கார்டை அதற்குப் பக்கத்து ஸ்லாட்டில் போட்டபோது இரண்டும் பிராசசரைக் கூப்பிடும் ஒரே ஐஆர்க்யூ எண்ணைப் பிடித்துக்கொண்டு மிஷின் நின்றது. ஒரு ஸ்லாட் தள்ளிப் போட்டதும் சமாதானம்.

பாம்பன் கேசட்டை ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த பிறகு ஓட்டினோம். யுபிஎஸ் பேட்டரி புதிது. காக்கா டெக்கின் மேல் கையை வைத்தபடியே 40 நிமிடமும் நின்றார், ஓடும் சத்தத்தில் எது மாறினாலும் கைக்குத் தெரியும் என்பார். விழுந்த பிரேம் 3. மூன்றும் டேப்பின் ஆரம்பக் கசங்கலில். ரயில் தூக்குப் பாலத்தைத் தாண்டும்போது சக்கரச் சத்தம் மாறும் இடமும் படமும் பொருந்துகிறதா என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்.

"இதை என் கார்டுல ஏத்தியிருந்தாலும் வந்திருக்கும்" என்றார்.

அடுத்த கேசட் சந்தனக்கூடு. அதைத் துடைத்து, சுற்றி வைத்திருக்கிறேன்.